வெறும் மாத்திரை சொன்ன சாட்சி

நுரையீரலின் நுண்ணிய காற்றறைகளுக்கும் அவற்றைச் சூழ்ந்தோடும் ரத்த நாளங்களுக்கும் நடுவே உள்ள மெல்லிய திசுவைப் பீடிக்கும் வியாதிகள் இருநூறுக்கு மேல் உண்டு. அவற்றுள் மிகக் கொடியவற்றில் ஒன்று, காரணம் இன்னதென்று விளங்காமலே அத்திசு தடித்துத் தழும்பேறி, விரிந்து சுருங்கும் சக்தியை இழக்கிற நார்த்தடிப்பு நோய். நோயாளியின் முதுகில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து மூச்சை இழுக்கச் சொன்னால், வெல்க்ரோ பட்டையைப் பிரிப்பது போன்ற ஓசை கேட்கும். மாடிப்படியில் வரும் இளைப்பை வயோதிகத்தின் தலையில் சுமத்திவிட்டு, வறட்டிருமலுக்குக் கஷாயம் குடித்துக் காலம் போக்குகிறவர்களே அதிகம்.

அழற்சி முற்றித் தழும்பாகிறது, ஆகவே அழற்சியை அடக்கினால் தழும்பு நின்றுவிடும் என்பது வெகுகாலம் வைத்தியர்களின் சித்தாந்தமாயிருந்தது. பிரெட்னிசோனும் அஸாதயோப்ரினும் அந்த நியாயத்தின்படியே வழங்கப்பட்டன. அவற்றோடு என்-அசெட்டில் சிஸ்டீனைச் சேர்த்தால் மூச்சளவு குறையும் வேகம் தணிகிறதென்று 2005-இல் ஐரோப்பிய ஆராய்ச்சியொன்று தெரிவிக்கவே, மூன்றும் சேர்ந்த சிகிச்சை பல இடங்களில் வழக்கமாயிற்று. ஆனால் அந்த ஆராய்ச்சியில் சிஸ்டீனைச் சாப்பிடாதவர்களும் மற்ற இரு மருந்துகளைச் சாப்பிட்டவர்களே. ஒன்றுமே சாப்பிடாதவன் கதி என்ன என்ற கேள்வி அங்கே எழவேயில்லை. மூச்சுக்குத் திணறுகிறவனை எதிரில் வைத்துக்கொண்டு கையைக் கட்டிக்கொண்டிருக்க எந்த வைத்தியருக்குத்தான் மனம் வரும்? மேலும், இந்நோய் சிலரிடத்தில் வருஷக்கணக்கில் அடங்கிக் கிடந்து, சிலரைச் சில வாரங்களில் சாய்த்துவிடும் சுபாவமுடையதாகையால், பிழைத்தவர் மருந்தால் பிழைத்தாரா, இறந்தவர் மருந்தால் இறந்தாரா என்பதை ஒரு வைத்தியர் தம் ஆயுள் முழுதும் பெற்ற அனுபவத்தைக்கொண்டும் நிர்ணயிக்க இயலாது.

அமெரிக்காவில் நடந்த ‘பாந்தர்’ என்னும் ஆராய்ச்சி, யாருக்கு எது கிடைக்கிறதென்று வைத்தியரோ நோயாளியோ அறியாதபடி, சிலருக்கு மும்மருந்தையும், சிலருக்குச் சிஸ்டீனை மட்டும், சிலருக்கு மருந்தே அடங்காத வெறும் மாத்திரைகளையும் கொடுத்துவந்தது. இடையில் கணக்கைப் பரிசீலித்த கண்காணிப்புக் குழு திடுக்கிட்டது. மும்மருந்து உண்ட 77 பேரில் 8 பேர் மாண்டிருந்தனர். வெறும் மாத்திரை உண்ட 78 பேரில் ஒருவர் மட்டுமே. ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டவர்கள் முறையே 23 பேரும் 7 பேரும். மூச்சளவிலாவது லாபமுண்டா என்றால் அதுவுமில்லை. 2011 அக்டோபரில் மும்மருந்துப் பிரிவு நிறுத்தப்பட்டது. வெறும் மாத்திரை வாய்த்த செய்தி முன்கூட்டியே தெரிந்திருந்தால், அந்த 78 பேரும் தங்கள் அதிர்ஷ்டத்தை நொந்துகொண்டிருப்பார்கள். எஞ்சியிருந்த சிஸ்டீனும் 2014-இல் பிரயோஜனமற்றதென்று தெரிந்தது.

அதற்குள் சித்தாந்தமே மாறத் தொடங்கியிருந்தது: அழற்சியைவிட, புண் ஆற்றும் இயல்பு நிற்குமிடத்தில் நில்லாமல் மேன்மேலும் நாரை நெய்துகொண்டே போவதுதான் மூலக்கோளாறு என்றார்கள். அந்த நெசவைத் தடுக்க முயலும் பிர்ஃபெனிடோன், நின்டெடனிப் என்ற இரண்டும் 2014 மே மாதத்தில் வெளியான ஆராய்ச்சிகளில் தேறி, அக்டோபரில் அமெரிக்காவில் அனுமதி பெற்றன. நின்டெடனிப் பற்றிய இரு சோதனைகளுள் ஒன்றில், வெறும் மாத்திரை உண்டவர்களின் மூச்சளவு ஆண்டொன்றுக்குச் சுமார் 240 மில்லிலிட்டர் குறைய, மருந்துண்டவர்களுக்குச் சுமார் 115 மில்லிலிட்டரே குறைந்தது. இழந்த மூச்சு திரும்புவதில்லை. இழப்பின் வேகம் மட்டும் ஏறக்குறையப் பாதியாகிறது. இரு கூட்டத்தாரின் கணக்கை அருகருகே வைத்துப் பார்த்தாலொழியக் கண்ணுக்கு அகப்படாத இந்த லாபத்தை, மருந்தை உண்கிற நோயாளி உணர்வதில்லை; அவர் அன்றாடம் உணர்வது, பெரும்பாலும், அது உண்டாக்கும் வயிற்றுப்போக்கைத்தான்.