உளவியல் இறுதியாண்டு: கடைசிப் பக்கத்திலிருந்து திட்டமிடுங்கள்

“சைக்காலஜி படிக்கிறியா? அப்ப நான் இப்போ என்ன நினைக்கிறேன், சொல்லு பார்ப்போம்!” தீபாவளி உபசரிப்பில் இந்தக் கேள்வியைச் சந்திக்காத உளவியல் மாணவர் இருக்க முடியாது. முதலாண்டில் சிரித்துச் சமாளித்துவிடலாம். இறுதியாண்டில் அதே மாமா, “அடுத்த வருஷம் சொந்தமா கிளினிக் திறந்திடலாமா?” என்று கேட்கும்போதுதான் தொண்டை அடைக்கும்.

உண்மையான பதில், முடியாது என்பதே. மலேசியாவில் இளங்கலை உளவியல் பட்டம் மட்டும் ஒருவரைச் சிகிச்சை அளிப்பவராக ஆக்குவதில்லை. இதைப் பட்டமளிப்பு அங்கியைப் போடும் நேரத்தில் தெரிந்துகொள்வதைவிட இறுதியாண்டு தொடங்குமுன் தெரிந்துகொள்வது நல்லது. ஆகவே, திட்டத்தைக் கடைசிப் பக்கத்திலிருந்து போடுங்கள். முதலில் போய்ச் சேரும் இடம், பிறகு பாதை.

எந்தக் கதவு?

கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் எனப்படும் மருத்துவ உளவியலாளர் ஆக விரும்பினால், அத்துறையில் முதுகலைப் பட்டம் வேண்டும். மலேசியத் தேசியப் பல்கலைக்கழகம், ஹெல்ப் பல்கலைக்கழகம் போன்றவை அதை வழங்குகின்றன. 2016ஆம் ஆண்டின் 774ஆம் சட்டம் இத்தொழிலை ஒழுங்குபடுத்துகிறது. கவுன்சலர் என்ற பெயரில் தொழில் செய்ய, 1998ஆம் ஆண்டின் 580ஆம் சட்டத்தின் கீழ்ப் பதிவும் தொழில் சான்றிதழும் தேவை. மனநல மருத்துவர் என்பது வேறு வழி. அதற்கு மருத்துவப் படிப்பே அடித்தளம்.

பட்டத்தோடு நேராக வேலைக்குப் போவதும் நல்ல கதவுதான். மனிதவளம், சந்தை ஆய்வு, ஆட்டிசம் குழந்தைகளுக்கான பயிற்சி மையங்கள் ஆகியவற்றில் உளவியல் பட்டதாரிகள் பணிபுரிகிறார்கள்.

ஆய்வேடு: சிறியதே அழகு

இறுதியாண்டின் பெரும் பகுதியை ஆய்வேடு எடுத்துக்கொள்ளும். ஆர்வத்தில், “மருத்துவமனையில் மனச்சோர்வு நோயாளிகளை ஆராயப்போகிறேன்” என்பார்கள். சுகாதார அமைச்சின் மருத்துவமனை என்றால் அமைச்சின் ஆய்வு நெறிமுறைக் குழு அனுமதி வேண்டும். பள்ளி மாணவர்கள் என்றால் கல்வி அமைச்சின் அனுமதியும் பெற்றோர் சம்மதமும் வேண்டும். அனுமதிக் கடிதம் வருவதற்குள் ஒரு பருவம் ஓடிவிடலாம். 18 வயதைத் தாண்டிய பல்கலைக்கழக மாணவர்களிடம் செய்யக்கூடிய ஒரு தெளிவான கேள்வி போதும்.

எத்தனை பேர் வேண்டும் என்பதையும் முன்கூட்டியே கணக்கிடுங்கள். நடுத்தர அளவு வேறுபாட்டை இரு குழுக்களுக்கிடையே கண்டறிய, வழக்கமான கணக்குப்படி குழுவுக்கு 64 பேர், மொத்தம் 128 பேர் தேவை. வாட்ஸ்அப் குழுவில் இணைப்பை அனுப்பிவிட்டுக் காத்திருந்தால் இந்த எண்ணிக்கை தானாக வராது. நோன்புப் பெருநாள், தைப்பூச விடுமுறைகளில் பதில்கள் இன்னும் குறையும். தரவு திரட்டும் வாரங்களை நாட்காட்டியைப் பார்த்துக் குறியுங்கள். மேற்பார்வையாளரைத் தேர்ந்தெடுக்கும்போது, பெயர் பெற்றவரா என்பதோடு உங்கள் வரைவைப் படித்துத் திருப்பித் தருபவரா என்றும் மூத்த மாணவர்களிடம் கேளுங்கள்.

நம் மொழி ஒரு பலம்

தமிழ் தெரிந்த மாணவருக்கு இங்கே ஒரு நல்ல வாய்ப்பு இருக்கிறது. மாணவர் ஆய்வுகளில் அடிக்கடி வரும் டாஸ்-21 வினாத்தாள் மனச்சோர்வு, பதற்றம், மன அழுத்தம் மூன்றையும் தனித்தனியாக அளக்கிறது. ஆனால் நம் பேச்சில் ‘டிப்ரெஷன்’, ‘ஸ்ட்ரெஸ்’ இரண்டுமே ‘மன அழுத்தம்’ ஆகிவிடுகின்றன. பாட்டியோ, “நெஞ்சு படபடங்குது, சாப்பாடு இறங்கல” என்றுதான் சொல்வார். அந்தச் சொற்களைப் புரிந்துகொள்பவர் இல்லாத அறையில் அவருடைய நோவு பாதிதான் வெளியே வரும். தமிழில் கேட்பதென்றால் ஒருவர் மொழிபெயர்க்க, மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் அதைத் திரும்ப ஆங்கிலமாக்கி ஒப்பிட வேண்டும். அதற்கும் காலம் ஒதுக்குங்கள்.

வகுப்புக்கு வெளியே

முதுகலை நேர்முகத்தில் மதிப்பெண்ணோடு அனுபவமும் பேசும். பிஃப்ரெண்டர்ஸ் போன்ற அமைப்புகள் தொண்டூழியர்களுக்குப் பயிற்சி தந்தே பணியில் அமர்த்துகின்றன. சிறப்புக் குழந்தைகள் மையத்தில் வாரம் அரை நாள் செலவிட்டாலும், இந்த வேலை நமக்கு ஒத்துவருமா என்பது தெரிந்துவிடும். ஒத்துவராது என்று தெரிந்தால் அதுவும் லாபமே. பரிந்துரைக் கடிதம் தரும் விரிவுரையாளரிடம் கடைசி வாரத்தில் ஓடாமல், ஆண்டின் தொடக்கத்திலேயே பேசிவையுங்கள்.

பெற்றோருக்கு ஒரு சொல்

பி.டி.பி.டி.என் கடனும் வீட்டுச் சேமிப்பும் போட்டுப் படிக்கவைத்த பிள்ளை, “இன்னும் இரண்டு வருஷம் படிக்கணும்” என்றால் மனம் கனக்கத்தான் செய்யும். அந்தப் பேச்சு பட்டமளிப்பு நாளில் அதிர்ச்சியாக வரக் கூடாது. இந்த வாரமே ஒரு தாளை எடுத்து உட்காருங்கள். கட்டணம் எவ்வளவு, முதலில் சில காலம் வேலை செய்து சேமிக்கலாமா, எப்போது விண்ணப்பிக்கலாம் என்று மூவருமாக எழுதிப் பாருங்கள். மனங்களைப் பற்றிப் படிக்கும் பிள்ளையின் மனத்தில் என்ன இருக்கிறது என்று வீட்டில் ஒருவராவது கேட்க வேண்டுமல்லவா?