அருவிச் செய்தியும் அதற்கு ஆகும் செலவும்

(பி.எஸ்ஸி., தாவரவியல், இரண்டாம் ஆண்டு)

ஆனி பிறந்துவிட்டால் ஆரியங்காவுக் கணவாய் வழியே காற்று புறப்பட்டு வரும். மெல்லிய சாரல் விழும். குற்றாலத்தில் ‘சீசன்’ தொடங்கிவிட்டது என்று தென்காசி வட்டாரமே மகிழும். குளிக்க வருவோர்க்கு அது இன்பப் பொழுது. எங்களைப் போன்ற குடும்பங்களுக்கோ அதுவே ஆண்டு வருமானம். என் தந்தையார் சீசன் மாதங்களில் ஐந்தருவிச் சாலையில் பழக்கடை போடுகிறவர். தாயார் பீடி சுற்றுகிறார். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான்.

மங்குஸ்தானும் ரம்புட்டானும் பொதிந்து கொடுப்பதற்காக எடைக்கு வாங்கி வைத்த பழைய நாளிதழ்களைப் படித்துத்தான் எனக்குப் பத்திரிகைப் பழக்கம் வந்தது. அவற்றில் குற்றாலத்தைப் பற்றிப் பெரும்பாலும் இரண்டே செய்திகள் இருக்கும். ஒன்று, அருவியில் தண்ணீர் ஆர்ப்பரிக்கிறது, பயணிகள் உற்சாகக் குளியல் என்பது. மற்றொன்று, வெள்ளப்பெருக்கு, குளிக்கத் தடை என்பது. முதற்செய்தி வந்தால் எங்கள் கடையில் வியாபாரம் உண்டு. இரண்டாவது வந்தால் பழம் அழுகும்.

2024-ஆம் ஆண்டு மே 17-ஆம் நாள் பழைய குற்றால அருவியில் திடீர் வெள்ளம் பாய்ந்து, பதினேழு வயதுச் சிறுவன் ஒருவன் உயிரிழந்தான். சீசன் தொடங்கும் முன்பே, கோடை மழையில் நேர்ந்த துயரம் அது. அடுத்தடுத்த நாட்களில் தாள்களெல்லாம் அதைத் தாங்கி வந்தன. தடை போடப்பட்டது, பின்னர் நீங்கியது, செய்தியும் ஓய்ந்தது. ஆனால் என் மனத்தில் சில கேள்விகள் ஓயவில்லை. மலைமேல் பெய்யும் மழையை அளக்கும் கருவிகள் எத்தனை உள்ளன? அருவியின் கீழே நிற்பவனுக்கு எச்சரிக்கை எத்தனை நிமிடத்தில் எட்டும்? இத்தகைய திடீர் மழை முன்பைவிடக் கூடியிருக்கிறதா?

இவற்றிற்கு விடை தேடி எழுதப் பத்திரிகையாளர்களுக்குப் பணம் கிடைக்க வழி உண்டா என்பதே இக்கட்டுரையின் பொருள்.

ஒரு கேள்விக்கு ஆகும் செலவு

நிருபர்களைக் குறை கூறுவது எளிது. ஆனால் அவர்கள் நிலையை எண்ணிப் பாருங்கள். காலையில் ஒரு விபத்து, நண்பகலில் ஆட்சியர் அலுவலகம், மாலையில் கோயில் திருவிழா என்று ஒரே ஆள் ஓட வேண்டியிருக்கிறது. வெள்ளம் வந்தது என்று எழுத ஒரு பேருந்துக் கட்டணமும் அரை நாளும் போதும். வெள்ளம் ஏன் வந்தது என்று எழுதவோ பல ஆண்டு மழைக் கணக்கைத் திரட்ட வேண்டும். வனத்துறையின் அனுமதி பெற்று மலையேற வேண்டும். மேக்கரை உழவரையும் வானிலை அறிஞரையும் கண்டு பேச வேண்டும். இதற்கு மாதங்கள் ஆகும். அந்த மாதங்களுக்கு அவர் வீட்டு அடுப்பு எரிய வேண்டாமா? அன்றாடச் செய்தியை நம்பி நடக்கும் ஒரு நாளிதழ் இச்செலவை எளிதில் ஏற்காது. அந்த இடைவெளியை நிரப்ப வந்தவையே நிதிநல்கைகள்.

நல்கையின் இரு வகைகள்

முதல்வகை ‘பெலோஷிப்’. ஒரு பத்திரிகையாளருக்குச் சில மாதங்களோ ஓராண்டோ உதவித்தொகை தந்து, ஒரே பொருளைப் பற்றித் தொடர்ந்து எழுதச் செய்வது. இரண்டாம் வகை, ஒரு குறிப்பிட்ட செய்திக்கு மட்டும் பயணம், தங்குமிடம், மொழிபெயர்ப்பு, புகைப்படம் ஆகிய செலவுகளைத் தருவது.

இரண்டுக்கும் விண்ணப்பம் ஏறத்தாழ ஒன்றே. எதைப் பற்றி எழுதப் போகிறீர்? அதை ஏன் இப்போது எழுத வேண்டும்? யார் யாரைச் சந்திப்பீர்? எவ்வளவு செலவாகும்? எந்த இதழ் வெளியிடும்? இவ்வைந்துக்கும் தெளிவாக விடை சொல்ல வேண்டும். வெளியிடுவதாக ஓர் ஆசிரியர் கைப்பட எழுதித் தரும் கடிதத்தையும் பலர் கேட்பார்கள். தட்பவெப்ப மாற்றம் பற்றி எழுதுவேன் என்று பொதுவாகச் சொன்னால் பயனில்லை. பழைய குற்றாலத்திற்கு மேலே எத்தனை மழைமானிகள் உள்ளன என்று கேட்பேன் என்றால், அது ஒரு விண்ணப்பம். நம் மலையின் பெருமையும் துணைக்கு வரும். மேற்குத் தொடர்ச்சி மலையின் பல பகுதிகளை 2012-இல் உலகப் பாரம்பரியக் களமாக யுனெஸ்கோ அறிவித்தது நாம் அறிந்ததே.

நல்கை செய்த நன்மை

இது வெறும் ஏட்டுச் சுரைக்காய் அன்று. பி. சாய்நாத் என்னும் பத்திரிகையாளர் 1993-இல் டைம்ஸ் ஆப் இந்தியா நாளிதழின் பெலோஷிப் பெற்றார். அதைக் கொண்டு ஐந்து மாநிலங்களில் மிக வறிய பத்து மாவட்டங்களில் அலைந்தார். அவற்றில் இரண்டு தமிழகத்தின் ராமநாதபுரமும் புதுக்கோட்டையும் ஆகும். கால்நடையாக மட்டும் 5,000 கிலோமீட்டர் நடந்தார் என்பர். வறட்சியும் வறுமையும் பற்றி அவர் எழுதியவை 1996-இல் நூலாக வந்து, நாடெங்கும் பேசப்பட்டன.

அவரே 2014-இல் கிராமப்புற இந்தியாவின் மக்கள் ஆவணக் காப்பகத்தைத் தொடங்கினார். அதன் சுருக்கப் பெயர் ‘பாரி’. முல்லைக்குத் தேர் ஈந்த வள்ளலின் பெயர் இயல்பாகவே அமைந்துவிட்டது! இந்தப் பாரியும் பெலோஷிப் வழங்கியது. 2019-இல் அதைப் பெற்றவர்களுள் ஒருவர் மதுரையைச் சேர்ந்த எம். பழனி குமார். மீன் விற்ற தாயின் மகன். தாயார் கடன் வாங்கித் தந்த பணத்தில்தான் முதல் கேமராவை வாங்கியதாக அவரே எழுதியிருக்கிறார். அவ்வாண்டு, ராமநாதபுரம் மாவட்டத்துப் பாரதிநகரில் கடலுக்குள் மூழ்கிப் பாசி எடுக்கும் பெண்களைப் பற்றி எழுதிப் படமும் எடுத்தார். கடலின் மாற்றத்தால் அவர்கள் பிழைப்பு எவ்வாறு தேய்கிறது என்பதை அப்பெண்களின் வாய்ச்சொல்லாகவே நாடு கேட்டது. தட்பவெப்ப மாற்றம் குறித்துப் பாரி வெளியிட்ட அந்தத் தொடருக்கு ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் ஆதரவு இருந்தது.

மற்றும் சிலர்

புது தில்லியில் அனில் அகர்வால் 1980-இல் தொடங்கிய அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம், பத்திரிகையாளர்களுக்குப் பயிற்சியும் ஊடக நல்கையும் வழங்கி வந்துள்ளது. அகர்வால் பொறியியல் படித்துவிட்டுப் பத்திரிகைத் துறைக்கு வந்தவர். அறிவியல் படிக்கும் நமக்கு அது ஊக்கம் தர வேண்டும்.

அயல்நாடுகளில் இன்டர்நியூஸ் நிறுவனம் 2004-இல் தோற்றுவித்த புவி இதழியல் வலையமைப்பு, வளரும் நாடுகளின் நிருபர்களுக்குச் செய்தி நல்கைகளை அளித்து வந்துள்ளது, ஐ.நா. தட்பவெப்ப மாநாடுகளுக்கும் அவர்களை அழைத்துச் சென்றிருக்கிறது. அமெரிக்காவின் புலிட்சர் மையம் 2018-இல் மழைக்காடுகள் குறித்த செய்திகளுக்கெனத் தனி நிதியைத் தொடங்கியது. மோங்காபே என்னும் சுற்றுச்சூழல் செய்தி நிறுவனம், வெப்பமண்டல நாடுகளின் இளம் எழுத்தாளர்களுக்கு மாத உதவித்தொகையுடன் பயிற்சி தரும் திட்டம் ஒன்றை வகுத்தது.

எச்சரிக்கை மூன்று

முதலாவது, சட்டம். வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம், 2010-இன் மூன்றாம் பிரிவு, பதிவுபெற்ற செய்தித்தாளின் நிருபர், கட்டுரையாளர், ஆசிரியர் முதலியோர் வெளிநாட்டு நன்கொடை பெறுவதைத் தடுக்கிறது. செய்த வேலைக்குரிய ஊதியத்திற்கு நான்காம் பிரிவு விலக்கு அளிக்கிறது. ஆகவே வருவது ஊதியமா, நன்கொடையா என்பதைச் சட்டம் அறிந்தவரிடம் காட்டித் தெளிந்த பின்னரே கையெழுத்திட வேண்டும்.

இரண்டாவது, நிலையாமை. 2025-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அமெரிக்க அரசு தன் வெளிநாட்டு உதவியை நிறுத்தி வைத்தபோது, அப்பணத்தைப் பெரிதும் நம்பியிருந்த இன்டர்நியூஸ் போன்ற அமைப்புகள் தள்ளாடின. பிறர் வாய்க்காலை நம்பி நடும் நாற்றுக்கு இந்த ஆபத்து என்றும் உண்டு.

மூன்றாவது, மனச்சாட்சி. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பது நம் பழமொழி. ஆனால் பணம் தந்தவரை நினைத்துக் கொண்டு எழுதினால் செய்தி செய்தியாக இராது. யார் பணம் தந்தார் என்பதை வாசகனுக்கு வெளிப்படையாகச் சொல்வதும், என்ன எழுத வேண்டும் என்று அவர் சொல்ல இடம் கொடாமையும் இன்றியமையாதவை.

நாம் செய்யக்கூடியவை

இந்நல்கைகள் பெரும்பாலும் அனுபவமுள்ளோரையும், ஆங்கிலத்தில் விண்ணப்பம் எழுத வல்லோரையும் தேடுகின்றன. தமிழ் வழியில் படித்த என் போன்றோர்க்கு இது ஒரு மதில்தான். ஆயினும் மதிலுக்கு இப்பால் செய்ய வேண்டிய வேலை ஏராளம். பாரி அமைப்பு மாணவர்களின் ஆக்கங்களையும் ஏற்று வெளியிட்டுள்ளது. தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-இன்படி பத்து ரூபாய்க் கட்டணத்தில் எந்த அரசு அலுவலகத்தையும் கேள்வி கேட்கலாம். முப்பது நாட்களுக்குள் விடை தர வேண்டும். நம் மாவட்டத்தின் கடனா, ராமநதி, கருப்பாநதி, குண்டாறு, அடவிநயினார் அணைகளின் நீர்மட்டமும் மழையளவும் மழைக்காலத்தில் தாள்களில் வருகின்றன. சென்ற ஆண்டு முதல் அவற்றை ஒரு நோட்டில் குறித்து வருகிறேன். குண்டாறு 36 அடி அணை. சாரல் காலத்தில் விரைவில் நிரம்பி வழிவது. அது நிரம்பும் நாள் ஆண்டுதோறும் எப்படி மாறுகிறது என்பதே ஒரு கட்டுரைக்குப் போதும்.

நான் நோட்டும் கையுமாக இருப்பதைக் கண்ட தந்தையார் ஒருநாள், “ஏலே, எழுதிக்கிட்டுத் திரிஞ்சா சோறு கெடைக்குமா?” என்று கேட்டார். நல்கை ஆறு மாதம், மிஞ்சினால் ஓராண்டு. அது பிழைப்பு ஆகாது என்றுதான் உண்மையாகச் சொல்ல முடிந்தது. சற்று நேரம் கழித்து அவர், “தடை எப்போ வரும்னு முன்னாடியே எவனாவது எழுதுனா, நான் அன்னைக்குப் பழம் எடுக்க மாட்டேன்லா?” என்றார். எழுத்தின் பயனை இதைவிடத் தெளிவாக எனக்கு எவரும் விளக்கியதில்லை.

பேராசிரியப் பெருமக்களுக்கு ஒரு விண்ணப்பத்தோடு முடிக்கிறேன். நம் மாவட்டத்தின் மழை, ஆறு, காடு பற்றி நேரில் சென்று ஆராய்ந்து எழுதும் மாணவர் ஒருவருக்கு, ஆண்டுதோறும் இம்மலரின் சார்பில் பேருந்துச் செலவை மட்டுமேனும் அளிக்கலாகாதா? தொகை சிறிதுதான். ஆனால் குற்றாலத்தைப் பற்றிய மூன்றாவது செய்தி ஒன்று இக்கல்லூரியிலிருந்து புறப்படும்.