பெரியம்மாவைப் பார்க்கவும் விசா வேண்டும்

புத்தூர்ச் செம்மண்ணிலே வெங்காயமும் புகையிலையும் விளைவித்த குடும்பங்களின் பிள்ளைகள் இன்று எத்தனையோ தேசங்களிற் பரந்து வாழ்கின்றனர். ஒரே வளவில் விளையாடி வளர்ந்த சகோதரிகளுள் ஒருவர் பாரிசிலும், மற்றொருவர் சூரிச்சிலும், வேறொருவர் ரொறன்ரோவிலும் இருக்க, ஊரிலே எஞ்சியவரின் மகனோ மகளோ உயர்கல்வியின் பொருட்டு இங்கிலாந்து சென்றிருப்பது நாம் அடிக்கடி காணும் காட்சியாகும். அங்ஙனம் சென்ற பிள்ளைக்கு முதல் விடுமுறை வருமுன்னரே, "இலண்டனிலிருந்து பாரிஸ் கூப்பிடு தூரந்தானே, ஒருக்கால் வந்து போ தம்பி" என்று பெரியம்மாவின் அழைப்பு வந்துவிடும். தூரத்தைப் பொறுத்தவரை பெரியம்மா சொல்வது மெய்யே. இலண்டனிலே புகையிரதம் ஏறினால் ஏறத்தாழ இரண்டேகால் மணி நேரத்திற் பாரிஸ் சேரலாம்; புத்தூரிலிருந்து பஸ் ஏறி வவுனியா போய்ச் சேர்வதற்கே அதனினும் கூடிய நேரம் பிடிக்கும். ஆயினும் அவ்விரண்டேகால் மணிப் பயணத்துக்குரிய பத்திரங்களைத் தேடிச் சேர்க்க இரண்டு மாதமும் ஆகலாம் என்பதை அழைப்பவரும் அறியார், ஊரிலிருந்து "ஏன் இன்னும் போகவில்லை?" என்று கேட்கும் பெற்றாரும் அறியார்.

பிரித்தானியா தரும் மாணவர் விசா பிரித்தானியாவுக்கு மட்டுமே உரியது. அந்நாடு ஐரோப்பிய ஒன்றியத்தில் அங்கம் வகித்த காலத்திலும் ஷெங்கன் எல்லை உடன்பாட்டிற் சேரவில்லை. 2020 ஜனவரி 31 இல் ஒன்றியத்தையும் விட்டு நீங்கியது. ஆகவே பிரான்ஸ், ஜேர்மனி, சுவிற்சர்லாந்து முதலாக இன்று 29 நாடுகள் அடங்கிய ஷெங்கன் வட்டத்துள் அடிவைப்பதற்கு இலங்கைக் கடவுச்சீட்டுடைய மாணவர் தனியே விண்ணப்பித்தல் வேண்டும். பிரெஞ்சுப் பிரசையாகிவிட்ட பெரியம்மா இலண்டன் வருவதற்கோ, 2025 ஏப்ரலிலிருந்து கைத்தொலைபேசியிலேயே பெறத்தக்க ஒரு மின்னணு அனுமதி போதும். அவரே ஒருமுறை இலண்டன் வந்து பிள்ளையைப் பார்த்துப் போவது எளிதல்லவா என்று கேட்டால், நம்மவர் முறைதலை பார்ப்பர்! இளையவர் மூத்தவரைத் தேடிச் செல்வதுதானே வழக்கம்.

இத்தனை கெடுபிடி ஏன் வந்தது என்பதை மாணாக்கர் அறிந்திருத்தல் நன்று. புத்தூரை அடுத்த சிறுப்பிட்டியில் 1832 இற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை கடல் கடந்து சென்று சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள் இருவருள் ஒருவரான காலத்தில், இன்றுள்ளது போன்ற கடவுச்சீட்டு முறையே இருந்ததில்லை. 1983 இன் இனக்கலவரத்தின் பின்னர் உயிர்தப்பி ஓடிய நம்மவர் இலண்டன் விமான நிலையத்தில் வந்திறங்கத் தொடங்கவே, 1985 இல் பிரித்தானியா இலங்கையருக்கு விசாவைக் கட்டாயமாக்கிற்று. பொதுநலவாய நாடொன்றின் மக்கள்மீது அந்நாடு அவ்விதம் விசா விதித்தது அதுவே முதன்முறை. அதே ஆண்டு ஜூன் 14 ஆம் திகதி, லக்சம்பேர்க் நாட்டின் ஷெங்கன் என்னும் சிற்றூரில் ஐந்து நாடுகள் தமக்கிடையேயுள்ள எல்லைக் காவலை நீக்க உடன்பட்டன. உள்ளே கதவுகள் திறந்தன, வெளிக்கதவு இறுகிற்று. 1987 இல் வந்த பிரித்தானியச் சட்டமொன்று, உரிய பத்திரமில்லாத பயணியை ஏற்றி வரும் விமான நிறுவனத்துக்குத் தலைக்கு ஆயிரம் பவுண் தண்டம் விதித்தது. விமான நிலையத்திற் பயணச்சீட்டைப் பார்க்கும் உத்தியோகத்தர் நம்முடைய கடவுச்சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதன் காரணம் இதுவே. இன்றும், ஷெங்கன் நாட்டு விமான நிலையத்தில் வெளியே வராது விமானம் மாறுவதற்குக்கூட விசா கேட்கப்படும் பன்னிரண்டு நாட்டவருள் இலங்கையர் அடங்குவர். சில வதிவிட அனுமதிகளுக்கு விலக்கு உண்டு. தம் அனுமதி அவற்றுள் ஒன்றா என்பதை, பிராங்பேர்ட் வழியாக ஊர் திரும்ப எண்ணும் மாணவர் பயணச்சீட்டு வாங்குமுன்னரே விசாரித்தறிதல் வேண்டும்.

விண்ணப்பம் செய்யவேண்டிய இடம் கொழும்பு அன்று. 2009 ஆம் ஆண்டின் ஐரோப்பிய விசாச் சட்டக்கோவையின்படி, விண்ணப்பிப்பவர் சட்டப்படி எங்கு வதிகின்றாரோ அங்குள்ள தூதரகமே அதனை ஏற்கும். பல நாடுகளைப் பார்க்க எண்ணினால் கூடிய நாள் தங்கும் நாட்டின் தூதரகத்திலும், நாட்கள் சமமாயின் முதலிற் புகும் நாட்டின் தூதரகத்திலும் விண்ணப்பித்தல் முறை. பயணத்துக்கு ஆறு மாதத்துக்கு முன்னரும் கூடாது. பதினைந்து நாளுக்குப் பின்னரும் கூடாது. 2024 ஜூன் முதல் கட்டணம் 90 யூரோ. விண்ணப்ப நிலையத்தின் சேவைக் கட்டணம் வேறு. மறுக்கப்பட்டாலும் பணம் திரும்பாது. 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்புறுதியும் வேண்டும். இவையெல்லாம் பணத்தாலும் பொறுமையாலும் ஆகக்கூடியவை.

ஆகாத இடம் ஒன்றுண்டு. அது நம்முடைய உறவுமுறை. தாயின் தமக்கை நமக்குப் பெரிய தாய். அவர் மகன் நமக்கு அண்ணன். ஐரோப்பிய மொழிகளிலோ முன்னவர் மாமியோடும் அத்தையோடும் ஒரே சொல்லில் அடங்குவார்; பின்னவர் மச்சானோடு சேர்ந்துவிடுவார். நம்மிடம் பயின்று இங்கிலாந்து சென்ற மாணவர் ஒருவர், தம்மை அழைத்த பெரியம்மாவின் மகனை விண்ணப்பத்தில் 'மூத்த சகோதரன்' என்று எழுதினார். அவர் மனத்தில் வஞ்சகம் ஏதுமில்லை. பிறந்த நாள் முதல் அண்ணை என்றே அழைத்தவர். தூதரக உத்தியோகத்தர் பார்த்தபோது சகோதரர் இருவருக்கும் தாய் வேறு, தந்தை வேறு, குடும்பப் பெயரும் வேறு. கூறிய நோக்கம் நம்பத்தக்கதன்று என்ற காரணத்தோடு விண்ணப்பம் திரும்பிற்று. நம் பெயர்களிற் பரம்பரைப் பெயர் என ஒன்றில்லை. தந்தையின் பெயரே முன்னே நிற்கும், மணமானபின் கணவன் பெயர் வந்து சேரும் என்பதையெல்லாம் ஓர் அந்நியர் தாமாக அறிவது எவ்வாறு?

அம்மாணவர் இரண்டாம் முறை செய்தது பின்பற்றத்தக்கது. உறவை அவர்கள் மொழிச் சொல்லிலேயே எழுதி, அடியில் இரண்டு வரியில் விளக்கமும் சேர்த்தார். தம் பிறப்பத்தாட்சிப் பத்திரம், தாயினது, பெரியம்மாவினது, அழைத்தவரது என நான்கையும் மொழிபெயர்ப்புடன் இணைத்தார். தாய்க்கும் பெரியம்மாவுக்கும் பெற்றோர் ஒருவரே என்பது காகிதத்திலே தெளிவாயிற்று, விசாவும் கிடைத்தது. ஆனால் 1995 ஒக்டோபர் இடப்பெயர்வில் வலிகாமத்து வீடுகளிலிருந்து எத்தனை பெட்டிகளும் பத்திரங்களும் தொலைந்தன என்பதை நாம் அறிவோம். பிரதிகளுக்குக் கோப்பாயிலுள்ள பிரதேச செயலகத்தை நாடவேண்டும். ஓரெழுத்து மாறியிருப்பினும் சத்தியக்கடதாசி வேண்டும். இவ்வேலையைப் பிள்ளை இங்கிலாந்திலிருந்து செய்ய இயலாது. ஊரிலுள்ள பெற்றார் செய்து வைக்கலாம். பிள்ளை விமானம் ஏறுமுன்னரே அதனைச் செய்துவைப்பது நலம்.

அழைப்பவரின் கடிதம் மட்டும் போதுமென்று எண்ணுவோர் பலர். பிரான்சில் உறவினர் வீட்டிலே தங்குவதாயின், வீட்டுக்காரர் தம் நகரசபைக்குச் சென்று வரவேற்புச் சான்று பெற்றனுப்ப வேண்டும். ஜேர்மனியில் செலவுப் பொறுப்பை ஏற்பவர் அரச அலுவலகத்திலே கையொப்பமிடுவார். சுவிற்சர்லாந்தில் கேட்கப்படும்போது 30,000 பிராங்குக்குப் பிணை நிற்கவேண்டும். மாறிமாறி வேலைக்குச் செல்லும் ஒரு பெரியம்மாவோ சித்தப்பாவோ இதற்காக நாட்கூலியை இழக்க நேரும் என்பதை நினைத்தே அழைப்பை ஏற்கவேண்டும்.

பணத்தைப் பற்றி ஒரு சொல். பிறரிடம் கைமாற்றாக வாங்கிய தொகையைக் கணக்கிலே போட்டு, 'காட்டியபின்' திருப்பிக் கொடுக்கும் வழக்கம் நம்மவரிடையே உண்டு. சிலர் இதனைக் கெட்டித்தனம் எனவும் கருதுகின்றனர். நாம் அதனை வெறுக்கின்றோம். பயனற்றது என்பதனாலும் வெறுக்கின்றோம். வங்கிக் கூற்றிலே மூன்று மாதம் சிறுகச் சிறுகப் பணம் வந்துபோய், கடைசி வாரத்தில் திடீரெனப் பெருந்தொகை ஏறியிருந்தால், அதைக் காணாத உத்தியோகத்தர் இரார். பெரியம்மா வீட்டிலே பத்துநாள் தங்கப் பெருஞ்செல்வம் வேண்டியதில்லை. உள்ளதை உள்ளபடி காட்டி, செலவை ஏற்பவர் யாரென்று கூறினாற் போதும். பொய்ப் பத்திரம் பிடிபட்டால் அப்பயணம் மட்டும் நின்றுபோவதில்லை. பிரித்தானிய விண்ணப்பமொன்றிற் செய்த ஏமாற்று பத்தாண்டு வரை கதவடைக்கும். ஷெங்கன் மறுப்பும் ஐந்தாண்டு காலம் அவர்களின் பொதுப் பதிவேட்டிலே கிடக்கும். ஊரிலே காணியை ஈடுவைத்து அனுப்பிய படிப்பு, ஒரு கலியாணவீட்டின் பொருட்டு இவ்விதம் ஆபத்துக்குள்ளாவது தகுமா?

மறுப்புக் கடிதங்களில் அடிக்கடி காணும் வாசகம், குறித்த காலத்துள் திரும்புவார் என்பதில் நியாயமான ஐயம் உண்டு என்பது. இதற்கு விடை பல்கலைக்கழகத்தின் கடிதத்திலே இருக்கிறது. இன்ன நெறியில் இன்ன ஆண்டு பயில்கின்றார், விடுமுறை இன்ன நாள் முடியும், படிப்பு இன்ன மாதம் நிறைவுறும் என்ற மூன்று செய்தியும் அதில் வேண்டும். படிப்பு முடியும் தறுவாயில் விண்ணப்பித்தால் அக்கடிதத்தின் வலு குறையும். மாணவர் அனுமதி, திரும்பிய பின்னும் மூன்று மாதமாவது செல்லுபடியாதல் வேண்டுமெனப் பல தூதரகங்கள் கேட்கின்றன. "வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று சொல்லும் உறவினரும் இருக்கிறார்கள். உயிருக்கு அஞ்சியோர் அடைக்கலம் கோருவது மனிதருக்குரிய உரிமை. நம் மக்கள் அதனாலேயே பிழைத்தனர். அந்த உரிமையைக் கோரும் வழி வேறு, விருந்துண்ணச் செல்லும் வழி வேறு. மாமாவின் கடையிலே பத்துநாள் கல்லாவில் நின்று ஒத்தாசை செய்வதும், சட்டத்தின் கண்ணில் ஒத்தாசையன்று, வேலை.

செத்தவீட்டுக்கு என்ன செய்வது? இதுதான் நம் நெஞ்சை அறுக்கும் கேள்வி. ஒழுங்காக முடிந்த விண்ணப்பத்துக்கு முடிவு சொல்ல அவர்களுக்குள்ள காலம் 15 நாள். ஆராய வேண்டின் 45 நாள்வரை நீளலாம். நியாயமான அவசரமாயின் கடைசிநேர விண்ணப்பத்தையும் ஏற்கச் சட்டம் இடந்தருகிறது. மரணச் சான்றிதழோ வைத்தியசாலைக் கடிதமோ இணைத்துக் கேட்கவேண்டும். ஆயினும் எட்டுச் செலவுக்கே போய்ச் சேர்வது அரிது. அந்தியேட்டி 31 ஆம் நாள். அதனை எண்ணி முதல் வாரத்திலேயே விண்ணப்பித்தவர், அனுமதி கிடைப்பின், அன்றைக்காவது பெரியம்மாவின் பிள்ளைகளோடு இருந்து தர்ப்பை வாங்கலாம். இதைத் தெரியாமல், இழவுச் செய்தி கேட்ட அன்றே திரும்பக் கிடையாத பயணச்சீட்டை வாங்கி, பணத்தை இழந்தோர் உளர்.

விசா கைக்கு வந்தபின் அதிலுள்ள எண்களைப் பொறுமையாக வாசித்தல் வேண்டும். ஜூலை 1 முதல் 26 வரை செல்லுபடியாகும் எனக் கண்டு, 26 நாளும் தங்கலாமென மகிழ்வோர் உண்டு. பக்கத்திலே தங்கும் நாட்கள் 11 என்றிருந்தால் 11 நாளே தங்கலாம். எஞ்சிய 15 நாள், பயணத் திகதி மாறினால் உதவுதற்கென்று சேர்த்துக் கொடுக்கப்படுவது. போய் இறங்கும் நாளும் ஒரு நாள், புறப்படும் நாளும் ஒரு நாள். முன்பு இதனை முத்திரை பார்த்து உத்தியோகத்தர் எண்ணினர். 2025 ஒக்டோபர் 12 முதல் படிப்படியாக, முகமும் விரலடையாளமும் பதிந்து இயந்திரமே எண்ணத் தொடங்கிற்று. பிரித்தானியாவின் வதிவிட அட்டை 2024 இறுதியோடு வழக்கொழிந்து, அனுமதி இப்போது மின்பதிவாகவே இருப்பதால், இடையிற் கடவுச்சீட்டைப் புதுப்பித்த மாணவர் புதிய இலக்கத்தை அப்பதிவிற் சேர்த்த பின்னரே பாரிசுக்குப் புகையிரதம் ஏறவேண்டும். இல்லையேல் பெரியம்மா கட்டிக்கொடுத்த பலகாரப் பொதியோடு திரும்புகாற் பாரிஸ் நிலையத்திலே நிற்க நேரும்.