அண்ணா, பழைய பார்ட்டைக் காட்டுங்க!

காலை மணி 11.40. கிளாஸ் போய்க்கிட்டிருக்கு. பாக்கெட்ல போன் துடிக்குது. பெஞ்சுக்குக் கீழே குனிஞ்சு எடுக்கறீங்க.

"சார், சர்வீஸ் சென்டர்லேர்ந்து பேசறோம். உங்க வண்டியைப் பார்த்தோம். இன்ஜின்ல கார்பன் ஃபுல்லா இருக்கு சார். டீகார்பனைசிங் பண்ணிடலாம். ஏ.சி-யில ஸ்மெல் வருது, அதுக்கு ஒரு கிளீனிங். அடியில துரு பிடிக்காம இருக்க அண்டர்பாடி கோட்டிங். மேல ஒரு டெஃப்லான். பண்ணிடலாமா சார்?"

போர்டு பக்கம் திரும்பியிருக்கிற புரொபசர் எந்த நிமிஷமும் இந்தப் பக்கம் திரும்பலாம். "ஓகேண்ணா, பண்ணிடுங்க"னு கிசுகிசுத்துட்டு கட் பண்றீங்க. மொத்தம் இருபது செகண்ட். சாயங்காலம் போனா, காலையில 4,000 ரூபாய்னு சொன்ன சர்வீஸுக்கு 9,000 ரூபாய்க்கு பில் நீளுது.

வண்டி உங்களோடது இல்ல, அப்பாவோடது. ஆம்பூர்ல ஷூ கம்பெனிக்குப் போற மனுஷன், லோன் போட்டு வாங்கின வண்டி. "நீ வேலூர்லதானே படிக்கிற, அப்படியே சர்வீஸுக்கு விட்டுட்டு வாடா"ன்னு நம்பிச் சாவியைக் கொடுத்திருக்கார். ராத்திரி அவர் கேட்கப்போற ஒரே கேள்வி, "எவ்ளோப்பா ஆச்சு?" அதைவிடப் பயங்கரமான ரெண்டாவது கேள்வி, "என்னடா பண்ணாங்க?" இந்த ரெண்டாவதுக்கு உங்ககிட்ட பதில் இருக்கா? இல்லேன்னா இந்தப் பக்கம் உங்களுக்குத்தான், பாஸ்!

தோலைப் புரட்டிப் பார்க்கிற ஊரு!

ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி... இந்தப் பக்கத்து டேனரி எதுக்குள்ளேயாவது போய்ப் பார்த்திருக்கீங்களா? தோலை யாரும் மூட்டையா பார்த்து விலை பேச மாட்டாங்க. ஒவ்வொண்ணா விரிப்பாங்க. மேல்பக்கம் பார்ப்பாங்க, உள்பக்கம் தடவுவாங்க. கத்தி பட்ட கோடு, உண்ணி கடிச்ச தழும்பு, ஓட்டை... எல்லாம் பார்த்துட்டுத்தான் இது முதல் ரகம், இது ரெண்டாம் ரகம்னு பிரிப்பாங்க. ஃபினிஷ் ஆன தோலை மெஷின்ல அளந்து, பின்பக்கத்துல சதுர அடிக் கணக்கைப் போட்டுத்தான் விப்பாங்க. காசு கொடுக்கிறவன் எதுக்குக் கொடுக்கிறோம்னு கண்ணால பார்த்துட்டுக் கொடுக்கிறான்.

அந்த ஊர்ப் பிள்ளை நீங்க. ஏ.சி. போட்ட ஷோரூம்ல காபி கொடுத்து உட்கார வெச்சதும், 'கன்ஸ்யூமபிள்ஸ்'னு ஒரே வார்த்தையில போட்ட தொகைக்கு எதுவுமே பார்க்காம காசை நீட்டினா எப்படி?

அவர் வில்லன் இல்லீங்க...

போன் பண்ற சர்வீஸ் அட்வைசர் மேல கோபப்படறதுக்கு முன்னாடி ஒரு விஷயம். அவரும் நம்ம காலேஜ் சீனியர் யாரோவா இருக்கலாம். டிப்ளமோ முடிச்சுட்டு யூனிஃபார்ம் மாட்டிக்கிட்டு நிக்கிறவர். புது வண்டிக்கு முதல் சில சர்வீஸ்கள்ல லேபர் இலவசம். அதனால ஆயில், ஸ்பேர், கூடுதல் வேலைகள்லதான் டீலருக்கு வருமானம். டெஃப்லான், கோட்டிங், கிளீனிங் வகையறாவுக்கு 'வேல்யூ ஆடட் சர்வீஸ்'னு ஸ்டைலா ஒரு பேர். மாசத்துக்கு இத்தனை விக்கணும்னு பல இடங்கள்ல டார்கெட்டும் உண்டு.

அதனால அவர்கிட்ட சண்டை வேண்டாம். அவர் விக்கிறது அவர் வேலை. வாங்கலாமா வேண்டாமானு முடிவு பண்றது உங்க வேலை. அந்த வேலையை போன்ல அவர்கிட்டயே ஒப்படைச்சிடறோம் பாருங்க, அதுதான் நாம பண்ற தப்பு!

எது தேவை... எது தேவையில்லை?

நீதிபதி வேற யாரும் இல்ல. டேஷ்போர்டு டிராயர்ல பிளாஸ்டிக் கவரோட தூங்குதே, ஓனர்ஸ் மேனுவல், அதேதான்! எத்தனை கிலோமீட்டருக்கு அல்லது எத்தனை மாசத்துக்கு எதை மாத்தணும், எதைச் செக் பண்ணணும்னு அதுல ஒரு அட்டவணை இருக்கும். வண்டியைத் தயாரிச்ச இன்ஜினீயர்கள் போட்ட லிஸ்ட் அது. முதல்ல அதுல தேடுங்க.

இன்ஜின் ஃப்ளஷ், டீகார்பனைசிங்: பெரும்பாலான மேனுவல் அட்டவணைகள்ல தேடினாலும் கிடைக்காது. சரியான ஆயிலைச் சரியான நேரத்துல மாத்திக்கிட்டிருந்தா, நல்லா ஓடற வண்டிக்கு இது அவசியமில்லை. பிக்-அப் குறையுது, வண்டி உதறுதுனா அது வேற கதை. அப்பவும் காரணத்தைக் கேளுங்க.

அண்டர்பாடி கோட்டிங்: கடற்கரை ஊர்ல உப்புக்காத்துல நிக்கிற வண்டிக்கு அர்த்தம் இருக்கு. வேலூர் வெயில்ல காயற வண்டிக்கு, அதுவும் ஒவ்வொரு வருஷமும் எதுக்கு?

டெஃப்லான்: பளபளப்பு சமாச்சாரம். ஆசை இருந்தா பண்ணிக்கலாம். பண்ணலேன்னா வண்டிக்கு ஒண்ணும் ஆகாது.

டயருக்கு நைட்ரஜன்: நாம சுவாசிக்கிற சாதாரணக் காத்துலயே 78 சதவீதம் நைட்ரஜன்தான் தலைவா! காத்தைச் சரியான அளவுல வெச்சிருக்கிறதுதான் முக்கியம்.

வீல் அலைன்மென்ட்: வண்டி ஒரு பக்கமா இழுக்குதா, டயர் ஒரு ஓரமா மட்டும் தேயுதா? அப்போ அவசியம். பண்ணினதும், முன்னாடி-பின்னாடி அளவு காட்டற பிரின்ட் அவுட்டைக் கேட்டு வாங்குங்க.

இதெல்லாம் படிச்சுட்டு, 'எது சொன்னாலும் வேணாம்'னு முறுக்கிக்காதீங்க. அது இன்னும் ஆபத்து. பிரேக் பேட் தேய்ஞ்சிருந்தா மாத்தியே ஆகணும். பிரேக் ஆயில், கூலன்ட், இன்ஜின் ஆயில் எல்லாம் மேனுவல் சொல்ற காலத்துல மாத்தணும். டயர் பள்ளத்துக்குள்ளே சின்ன மேடு மாதிரி ஒரு குறி இருக்கும். தேய்மானம் அந்த மேட்டைத் தொட்டுட்டா டயரோட ஆயுசு முடிஞ்சது. ஆம்பூருக்கும் வேலூருக்கும் நடுவுல ஹைவேயில லாரிகளுக்கு இடையில ஓட்டப்போற வண்டி அது. மிச்சம் பிடிக்கிற இடம் பிரேக் கிடையாது!

"எங்கிட்ட காரே இல்ல பாஸ், பைக்தான்"கிறீங்களா? தொகை கொஞ்சம் சின்னது. டயலாக் அதேதான்!

ஆறு ஸ்டெப், ஆயிரம் லாபம்!

1. வண்டியை விடறதுக்கு முன்னாடி ராத்திரி மேனுவல்ல அந்த கிலோமீட்டருக்கு உரிய பக்கத்தை போன்ல போட்டோ எடுத்துக்கங்க. மேனுவல் தொலைஞ்சிருந்தா கம்பெனி வெப்சைட்ல தேடிப் பாருங்க. நிறைய கம்பெனிகள் அங்கே போட்டு வெச்சிருக்காங்க.

2. ஜாப் கார்டுல கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி என்னென்ன வேலை, எவ்வளவு ரூபாய்னு எழுதி வாங்குங்க. காலி கட்டம் இருக்கிற கார்டுல கையெழுத்து வேண்டவே வேண்டாம். 'எழுத்துல சம்மதம் கொடுக்காம கூடுதல் வேலை கூடாது'ன்னு நீங்களே ஒரு வரி எழுதிடுங்க.

3. போன் வந்தா, "அண்ணா, கிளாஸ்ல இருக்கேன். போட்டோவும் ரேட்டும் வாட்ஸ்அப்ல அனுப்புங்க. பார்த்துட்டுச் சொல்றேன்." அவ்வளவுதான். நிஜமாவே தேவையான வேலைனா போட்டோ வந்துடும்.

4. "இது மேனுவல்ல எந்தப் பக்கத்துல இருக்கு? இந்த சர்வீஸ்ல பண்ணலேன்னா என்ன ஆகும்?" இந்த ரெண்டு கேள்வியையும் சிரிச்சுக்கிட்டே கேளுங்க.

5. மாத்தின பார்ட் எதுவா இருந்தாலும் பழசைக் காட்டச் சொல்லுங்க. இதையும் வண்டி விடும்போதே சொல்லிடணும். சாயங்காலம் கேட்டா குப்பைக்குப் போயிடுச்சும்பாங்க.

6. பணம் கட்டறதுக்கு முன்னாடி பில்லை வரி வரியா எஸ்டிமேட்டோட ஒப்பிடுங்க. பின்னாடி நாலு பேர் நிக்கிறாங்களேனு கூச்சப்படாதீங்க. ஒவ்வொரு தேவையில்லாத ஐட்டத்துக்கும் மேல ஜி.எஸ்.டி-யும் சேர்த்து கட்டறது நீங்கதான்.

'வாரன்டி போயிடும்' பூச்சாண்டி!

இத்தனையும் கேட்டா கடைசியா ஒரு அஸ்திரம் வரும்... "வெளியில பண்ணீங்கன்னா வாரன்டி போயிடும் சார்!"

இதே விவகாரம் டெல்லி வரைக்கும் போயிருக்கு. கார் கம்பெனிகள் ஒரிஜினல் ஸ்பேர் பார்ட்ஸையும், கோளாறு கண்டுபிடிக்கிற கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்கவிடாம பண்றாங்கன்னு 2011-ல ஒரு புகார், இந்தியப் போட்டி ஆணையத்துக்குப் போச்சு. 2014 ஆகஸ்ட் 25 அன்னிக்கு ஆணையம் தீர்ப்பு சொன்னது. 14 கார் கம்பெனிகளுக்குச் சேர்த்து அபராதம் சுமார் 2,544 கோடி ரூபாய்! வெளியில வேலை பார்த்தாங்கன்னு சொல்லி மொத்த வாரன்டியையும் ஒரேயடியா ரத்து பண்ணக் கூடாது, வெளியில தப்பாப் பார்த்த வேலையால வந்த சேதத்துக்கு மட்டும்தான் வாரன்டியை மறுக்கலாம்னு அந்த உத்தரவு சொன்னது. அதுக்கப்புறம் அப்பீல்களும் நடந்தன. ஆனாலும் அந்த வழக்கு ஒண்ணைத் தெளிவாக்கிடுச்சு: இது உங்க ஒருத்தரோட சந்தேகம் இல்ல, நாட்டோட பெரிய கம்பெனிகள் பதில் சொல்லவேண்டி வந்த கேள்வி.

அதுக்காக வாரன்டி காலத்துல கண்ட இடத்துல வண்டியைக் கொடுக்காதீங்க. வாரன்டி புக்கைப் படிங்க. அதுல சொன்ன சர்வீஸ்களை நேரத்துக்குப் பண்ணி, பில்லைப் பத்திரமா வைங்க. டெஃப்லான் வேண்டாம்னு சொன்னதுக்காக இன்ஜின் வாரன்டி போகாது!

தப்பு நடந்துட்டா?

கேட்காத வேலைக்குப் பணம் வாங்கிட்டாங்க, மாத்தாத பார்ட்டை மாத்தினதா பில் போட்டுட்டாங்க... முதல்ல சர்வீஸ் மேனேஜருக்கு மெயில். அடுத்து வண்டி கம்பெனியோட கஸ்டமர் கேர். அதுலயும் நடக்கலேன்னா தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழ்லயே பேசலாம்.

கடைசிப் படி, மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019-ம் வருஷச் சட்டம் 2020 ஜூலையில அமலுக்கு வந்ததுலேர்ந்து நம்ம பசங்களுக்கு ஒரு வசதி. கடை இருக்கிற ஊர்லதான் வழக்குப் போடணும்னு இல்ல. நீங்க குடியிருக்கிற இடத்துலயே போடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரைக்கும் இருந்தா கட்டணமே கிடையாது. பிரச்னை நடந்து ரெண்டு வருஷத்துக்குள்ளே போடணும், அதுமட்டும் ஞாபகம் இருக்கட்டும். ஜாப் கார்டு, எஸ்டிமேட், வாட்ஸ்அப் மெசேஜ், பில்... இதெல்லாம்தான் உங்க சாட்சிகள். மேலே சொன்ன ஆறு ஸ்டெப்பையும் பண்ணியிருந்தா எல்லாம் ஏற்கெனவே கையில இருக்கும்!

அடுத்த தடவை 11.40-க்கு போன் துடிக்கும்போது பயப்படாதீங்க. போட்டோ கேளுங்க. ராத்திரி வீட்டுக்குப் போய் சாவியை ஆணியில மாட்டும்போது, அப்பா கேட்பார்.

"என்னடா பண்ணாங்க?"

"ஆயில், ஃபில்டர் மாத்தினாங்கப்பா. பிரேக் பேட் தேய்ஞ்சிருந்தது, பழசை டிக்கியில வெச்சிருக்கேன். வந்து பாரு!"

வாழ்நாள் முழுக்கத் தோலைப் புரட்டிப் பார்த்த மனுஷன். அந்த பேடையும் கையில எடுத்துப் புரட்டிப் பார்ப்பார். அப்புறம் உங்களையும் ஒரு பார்வை பார்ப்பார் பாருங்க... அதுக்கு எந்த டெஃப்லானும் ஈடாகாது பாஸ்!