குனிந்த முதுகோடு பழவேற்காடு வரை

ஞாயிறு விடியுமுன் சென்னையிலிருந்து கிளம்பி, மீஞ்சூர், பொன்னேரி வழியாகப் பழவேற்காட்டுக்கு சைக்கிள் மிதிக்கிறவர்கள் இப்போது நிறையப் பேர். போவதற்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர். ஏரிக்கரையில் இறங்கியதும் பலருடைய கை முதலில் போவது இடுப்புக்குத்தான். பழவேற்காட்டிலிருந்து ஊருக்குள் மீன் பெட்டியோடு மிதித்து வரும் வியாபாரிக்கும் அதே இடத்தில்தான் வலி. ‘தூரம் மிதித்தால் வலிக்கத்தானே செய்யும்’ என்று இருவருமே விட்டுவிடுகிறார்கள். அப்படி விட வேண்டியதில்லை. இந்த வலிக்குப் பெரும்பாலும் காரணம் உண்டு, தீர்வும் உண்டு.

நார்வே ஆய்வாளர்கள் 2010-ல் வெளியிட்ட ஆய்வில், 109 தொழில்முறை சைக்கிள் வீரர்களிடம் தொடர்ந்த உழைப்பால் வந்த 94 காயங்கள் பதிவாயின. அவற்றில் 45 சதவீதம் கீழ்முதுகில், 23 சதவீதம் முழங்காலில். பயிற்சியாளரும் மருத்துவரும் கூடவே இருக்கிற வீரர்களுக்கே இந்த நிலை என்றால், வாரம் ஒருநாள் மிதிப்பவர் எச்சரிக்கையாக இருக்கத்தான் வேண்டும்.

சைக்கிளில் முன்னால் சாய்வது தவறில்லை. எந்த இடத்திலிருந்து சாய்கிறோம் என்பதில்தான் சிக்கல். தொடை இடுப்போடு சேரும் மூட்டில் மடிந்து சாய்ந்தால் முதுகு நீளமாக இருக்கும். அந்த மூட்டு இறுகிப் போனவருக்கு முதுகெலும்புதான் வளைந்து கொடுக்க வேண்டியிருக்கிறது. வாரம் முழுக்க நாற்காலியில் இருப்பவருக்கு இது எளிதில் வரும். ஏரித் தொழிலாளியின் கதை வேறு. வலை இழுக்கக் குனிகிறார், இறாலைத் தரம் பிரிக்கக் குந்தி உட்காருகிறார். ஏற்கெனவே முன்புறம் வளைந்து களைத்த உடம்போடு அவர் சைக்கிளில் ஏறி இன்னும் குனிகிறார். கடற்காற்று எதிரே அடித்தால் எவருமே கூடுதலாகக் குனிவார்கள். முதுகு குனிந்திருக்க, சாலையைப் பார்க்கத் தலையை மட்டும் நிமிர்த்துவதால் பிடரி இறுகிவிடுகிறது.

இந்தப் பிடரி இறுக்கத்தைத்தான் நான் அதிகம் அஞ்சுகிறேன். மீஞ்சூர் பக்கம் எண்ணூர், காட்டுப்பள்ளித் துறைமுகங்களின் கன்டெய்னர் லாரிகள் ஓடும் சாலைகள் இருக்கின்றன. கழுத்தைத் திருப்ப முடியாதவர் பின்னால் வரும் லாரியைப் பார்க்காமலேயே வலப்பக்கம் ஒதுங்குகிறார். உட்காரும் முறையில் உள்ள கோளாறு, உயிர் போகிற விஷயமாக மாறுவது இங்கேதான்.

முதல் வைத்தியம் ஸ்பேனரில் தொடங்குகிறது. சீட்டில் உட்கார்ந்து, குதிகாலைப் பெடலில் வைத்து அடிமட்டத்துக்கு இறக்குங்கள். கால் நேராக நீள வேண்டும். பிறகு முன்பாதத்தை வைத்து மிதிக்கும்போது முழங்கால் லேசாக மடங்கியிருக்கும். சுமார் 25 முதல் 35 பாகை. சீட் தாழ்ந்திருந்தால் முழங்கால் முன்புறம் நோகும், உயர்ந்திருந்தால் இடுப்பு இருபுறமும் ஆடும். பொழுதுபோக்காக சைக்கிள் ஓட்டுபவர்களிடம் இஸ்ரேலில் நடத்தி 1999-ல் வெளியான ஆய்வு ஒன்றில், சீட்டின் மூக்கை 10 முதல் 15 பாகை கீழே சாய்த்ததும் பத்தில் ஏழு பேருக்கு மேல் முதுகுவலி வெகுவாகக் குறைந்தது. அளவுக்கு மீறிச் சாய்த்தால் பாரம் கைக்கு இறங்கும். சுண்டுவிரலும் மோதிர விரலும் மரத்தால் அது உள்ளங்கை நரம்பு நசுங்குவதன் அடையாளம்.

மீனவக் குடும்பங்களில் அரசு தரும் இலவச சைக்கிளும் ஓடுகிறது. பதினோராம் வகுப்பில் பிள்ளைக்குக் கிடைத்த வண்டியை வீட்டில் எல்லோரும் மிதிப்பார்கள், சீட் மட்டும் வந்த உயரத்திலேயே இருக்கும். சைக்கிள் கடையில் ஐந்து நிமிட வேலை அது. கேரியரில் ஐஸோடு மீன் பெட்டி கட்டுபவர்கள், பாரம் பின்சக்கர அச்சுக்கு நேர் மேலே, முடிந்தவரை தாழ்வாக இருக்கும்படி கட்டுங்கள். பின்னால் தள்ளிக் கட்டினால் முன்சக்கரம் தூக்கும், அதைச் சமாளிக்க முதுகுதான் இன்னும் முன்னால் வளையும்.

அடுத்தது பயிற்சி. குனிந்த உடம்பை எதிர்த்திசைக்குக் கொண்டுபோவதுதான் இதன் அடிப்படை. துண்டைச் சுருட்டித் தோள்பட்டைகளுக்கு நடுவில் குறுக்காக வைத்து மல்லாந்து படுங்கள். கைகளை விரித்து இரண்டு நிமிடம் நெஞ்சைத் திறக்க விடுங்கள். அப்படியே முழங்கால்களை மடக்கி, பிட்டத்தை இறுக்கி இடுப்பை மேலே தூக்கி ஐந்து எண்ணி இறக்குங்கள், பத்து முறை. சீட்டில் உட்கார்ந்து தூங்கிப்போன பிட்டத் தசை விழித்தால் கீழ்முதுகின் சுமை குறையும். ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றி, மற்ற காலை முன்னால் வைத்து, இடுப்பை மெல்ல முன்னே தள்ளினால் தொடையின் முன்பக்கம் இழுபடும். அரை நிமிடம் நிறுத்தி, பக்கம் மாற்றுங்கள். கைகளையும் முழங்கால்களையும் ஊன்றி, வலக்கையையும் இடக்காலையும் நீட்டி நடுங்காமல் நிற்பது முதுகைத் தாங்கும் தசைக்கு. கழுத்துக்கு, தாடையை நேர் பின்னால் இழுத்து ஐந்து நொடி வைத்தால் போதும். வாரத்தில் மூன்று நாளாவது, ஆறு முதல் எட்டு வாரம் செய்ய வேண்டும். இரண்டு நாளில் பலன் பார்க்காதீர்கள். ஏரிக்கரையில் இறங்கியதும் கூன் போட்டு உட்காராமல், இடுப்பில் கைவைத்துப் பின்னால் ஐந்தாறு முறை சாயுங்கள்.

பெரும் ஆபத்து மாத்திரையில் இருக்கிறது. டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரையை விழுங்கிவிட்டு, வெயிலில் வியர்வை ஒழுக மிதித்தால் சிறுநீரகம் பாதிக்கப்படலாம். சட்டப்படி அது மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாத மருந்து. எலும்பு முறிவுக்குப் புத்தூர் கட்டுக்குப் போகும் வழக்கம் இந்தப் பகுதியில் உண்டு. ஆனால் கை கால் மரத்துப்போன நிலையில் கழுத்தையோ முதுகையோ யாரிடமும் முறுக்கக் கொடுக்காதீர்கள். காலில் பலம் குறைவது, தொடை இடுக்கு மரப்பது, சிறுநீரோ மலமோ கட்டுப்பாட்டில் இல்லாமல் போவது ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இயன்முறை சிகிச்சை காசு உள்ளவருக்கு மட்டுமானது என்று குப்பங்களில் நினைக்கிறார்கள். 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வந்து தரும் இயன்முறை சிகிச்சையும் அடக்கம். ஊருக்கு வரும் சுகாதாரப் பணியாளரிடம் பெயர் கொடுங்கள், அல்லது 104-ஐ அழைத்து விவரம் கேளுங்கள். சேற்று நீரில் குனிந்து கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் பெண்களின் முதுகுக்கும் இதே உரிமை உண்டு; அவர்கள் கேட்க வேண்டும், நாமும் அவர்களுக்காகக் கேட்க வேண்டும். தனியாரிடம் போகிறவர்கள் பிசியோதெரபிஸ்ட்டின் பட்டத்தைத் தயங்காமல் கேட்டுப் பாருங்கள்.

புது சைக்கிளின் ஃபிரேமோ சீட் தண்டோ பழுதாக இருந்து கடைக்காரர் மாற்றித் தர மறுத்தால், ரசீதை வைத்துக்கொண்டு 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் வழக்குப் போடலாம். பொருளின் விலை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் இல்லை. லாரி இடித்துவிட்டால் 108. ‘இன்னுயிர் காப்போம்’ திட்டத்தில் முதல் 48 மணி நேர சிகிச்சை, பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனையிலும் வரம்புக்குட்பட்டு இலவசம். இடித்த வண்டி நிற்காமல் போயிருந்தாலும், 2022 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ள மத்தியத் திட்டப்படி பலத்த காயத்துக்கு 50,000 ரூபாயும் உயிரிழப்புக்கு 2 லட்சமும் இழப்பீடு உண்டு. அதற்குக் காவல்துறைப் பதிவும் மருத்துவமனைத் தாளும் தேவைப்படும் என்பதால், இரண்டையும் அன்றே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.