பிறையைக் கணக்கிட்ட தீவுக்காரர்: அலி மணிக்ஃபான்

ரமளான் 29 ஆனதும் நம் மஹல்லாக்களில் மூன்று பேச்சு கிளம்பும். தலைமை காஜி அறிவிக்கட்டும் என்பவர்கள் ஒரு பக்கம், சவூதியில் பார்த்துவிட்டார்கள் என்பவர்கள் இன்னொரு பக்கம். மூன்றாவதாக, "இது கணக்கிலேயே இருக்கிறதே" என்று சொல்லும் சிலர். எங்கள் அயோத்தியாப்பட்டணத்திலும் சேலத்திலும் ஹனஃபி ஜமாஅத்துகளே அதிகம் என்பதால் அந்த மூன்றாவது கூட்டத்தாரைச் சிரித்துக் கடந்துவிடுவார்கள். அந்தக் கணக்கைத் தமிழகத்தில் பேச வைத்தவர் யார் என்று கேட்டால் பலருக்குத் தெரியாது.

அவர் பெயர் அலி மணிக்ஃபான். 1938இல் லட்சத்தீவின் தென்கோடியான மினிக்காய் தீவில் பிறந்தார். படிப்பதற்காகக் கண்ணூருக்கு அனுப்பப்பட்டவர், பள்ளியைப் பாதியில் விட்டுவிட்டுத் தீவுக்கே திரும்பிவிட்டார். மினிக்காய் மக்கள் பேசுவது மஹல், அதாவது மாலத்தீவின் திவேஹி மொழியின் ஒரு வடிவம். கப்பலோட்டிகளின் ஊர் அது. அங்கே நட்சத்திரம் தெரியாதவன் கடலில் திசை தெரியாதவன். அரபி, ஆங்கிலம், மலையாளம், தமிழ், உருது, ஜெர்மன், ரஷ்யன் எனப் பதினான்கு மொழிகள் வரை அவர் தாமாகவே கற்றார். பட்டம் என்று எதுவும் வாங்கவில்லை.

மண்டபத்தில் இருந்த மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தில் 1960 முதல் வேலை பார்த்தார். அங்கு இருந்த விஞ்ஞானி டாக்டர் சாந்தப்பன் ஜோன்ஸ், பள்ளி முடிக்காத இந்த ஊழியரின் மீன் அறிவைப் பார்த்து, ஒரு மீன் இனத்துக்கே 'அபுடெஃப்டஃப் மணிக்ஃபானி' என்று பெயர் வைத்தார். 1980இல் விருப்ப ஓய்வு பெற்றுக்கொண்டு ஓமன் போனார். டிம் செவரின் என்ற அயர்லாந்துப் பயணி, சிந்துபாத் காலத்துக் கப்பலைப் போல ஒன்றை அங்கே கட்டிக்கொண்டிருந்தார். ஆணியே இல்லாமல் பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்துக் கட்டும் பழைய முறை அது. கயிறு தைத்த தீவுக்காரர்களுக்கு மணிக்ஃபான்தான் தலைவர். 'சோஹார்' என்ற அந்தக் கப்பல் 1980 நவம்பரில் புறப்பட்டு 1981இல் சீனாவின் கான்டன் துறைமுகத்தை அடைந்தது. மண்டபம் அருகே வேதாளையிலும், பிறகு திருநெல்வேலி மாவட்டம் வள்ளியூரிலும் குடியிருந்தார். பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாமல் தாமே கற்பித்தார். (இதை எல்லோருக்கும் சிபாரிசு செய்ய எனக்குத் துணிவில்லை.) 2021இல் அரசு பத்மஸ்ரீ அறிவித்தது.

அவர் மனம் நின்ற இடம் நிலா. யாசீன் சூராவின் 39ஆம் வசனம் நிலவுக்கு மன்ஸில்கள், அதாவது தங்குமிடங்கள் விதிக்கப்பட்டதையும், அது தேய்ந்து பழைய பேரீச்சங்குலைக் காம்பைப் போல ஆவதையும் கூறுகிறது. அல்பகரா 189ஆம் வசனம் பிறைகளை மக்களுக்கான காலக்கணக்கு என்கிறது. இவற்றை வைத்து அவர் எழுதியும் பேசியும் வந்தது இதுதான்: பூமிக்கும் சூரியனுக்கும் இடையே நிலவு வரும் சங்கமம் ஒரே கணத்தில் நிகழ்கிறது, அது சென்னைக்கு ஒரு நேரம், மக்காவுக்கு ஒரு நேரம் என்று இல்லை. எனவே அந்த நாளோடு மாதம் முடியட்டும், மறுநாள் உலகம் முழுவதற்கும் முதல் தேதியாகட்டும். நாள் தொடங்குவது மக்ரிபில் அல்ல, ஃபஜ்ரில் என்றும் சொன்னார். இங்கேதான் உலமாக்களுக்கும் அவருக்கும் பெரிய இடைவெளி விழுந்தது.

நானும் அந்த இடைவெளியின் இந்தப் பக்கம் நிற்பவன்தான். பிறை கண்டு நோன்பு பிடிக்கச் சொன்ன நபிமொழியைச் சங்கமக் கணக்காக மாற்ற எனக்கு ஆதாரம் போதவில்லை. ஆனால் கணக்கு என்றதும் காதைப் பொத்திக்கொள்வது நம் முன்னோர் வழியும் அல்ல. ஷாஃபிஈ மத்ஹபின் பெரிய இமாம் தகிய்யுத்தீன் சுப்கி (ஹிஜ்ரி 756இல் வஃபாத்) என்ன சொன்னார்? பிறை தெரியவே வாய்ப்பில்லை என்று கணக்கு உறுதியாகக் காட்டினால், பார்த்தேன் என்பவரின் சாட்சியை ஏற்க வேண்டாம் என்றார். அதாவது பார்வையை நீக்கவில்லை. பொய்ப் பார்வையைத் தடுக்கக் கணக்கைக் காவல் வைத்தார். பழைய தர்ஸே நிஜாமியில் 'ஷரஹ் சக்மீனி' என்ற வானியல் கிதாபே பாடமாக இருந்தது. அந்தப் பாடத்தை நாம் கைவிட்டோம். மணிக்ஃபான் அதைத் தனியாக எடுத்துப் படித்தார். அவருடைய முடிவை மறுக்கும் ஆலிமுக்கு, மறுக்கும் அளவுக்காவது வானம் தெரிந்திருக்க வேண்டாமா?

தெரிந்துகொள்ள வேண்டியது அதிகம் இல்லை. ஒரு சங்கமத்திலிருந்து அடுத்ததற்குச் சராசரியாக 29 நாள் 12 மணி 44 நிமிடம். அதனால்தான் மாதம் 29 அல்லது 30. சங்கமத்துக்குப் பின் சுமார் 15 மணி நேரத்துக்குள் வெறும் கண்ணால் பிறை பார்ப்பது மிக அரிது. சங்கமமே நடக்காத மாலையில் பிறை பார்த்ததாக ஒருவர் சொன்னால், அவர் பார்த்தது வேறு ஏதோ.

மாதக் கடைசியில் பிள்ளைகளுக்கு இதைக் காட்டலாம். பிறை 26, 27 தேதிகளில் சூரியன் உதிக்கும் முன் மொட்டை மாடிக்கு அழைத்துப் போங்கள். கிழக்கே மெல்லிய தேய்பிறை, காய்ந்த குலைக்காம்பு வளைந்தது போலவே இருக்கும். நிலவு ஒவ்வொரு நாளும் சராசரியாக 50 நிமிடம் தாமதித்து எழுவதால், அடுத்த காலையில் அது சூரியனை இன்னும் நெருங்கியிருக்கும். ஒரு காலையில் தேடியும் கிடைக்காது. அன்றிலிருந்து மாலையில் மேற்கே பார்க்கச் சொல்லுங்கள்.