பொன்வயல் ஆணையாளர்

நிலத்தை உழுது பயன்கொள்வோனுக்கு அந்நிலம் உடைமையாகலாம். அதன் அடியிற் கிடக்கும் கனிப்பொருளும் அவனுக்கே உரியதாகும் என்பது எல்லா நாட்டுச் சட்டங்களுக்கும் உடன்பாடன்று. ஆங்கிலச் சட்ட மரபிலே, பொன்னும் வெள்ளியும் எவர் காணியிற் கிடப்பினும் முடிக்குரியன என்னும் கோட்பாடு 1568ஆம் ஆண்டில் நோதம்பலாந்துப் பிரபுவின் வழக்கில் உறுதியாயிற்று. அவ்வழக்கிற்குக் காரணமாயிருந்தது பொற்சுரங்கமன்று, செப்புச் சுரங்கமே; செம்பிலே கலந்திருந்த சிறிதளவு பொன்னே எலிசபெத் அரசியாருக்கு வெற்றி தேடிக் கொடுத்தது! நம் நாட்டிலும் 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுரங்கங்கள், கனிப்பொருள்கள் சட்டம், காணி எவருடையதாயினும் கனிப்பொருளின் உடைமையைக் குடியரசுக்கே உரித்தாக்குகின்றது.

ஏட்டில் எழுதப்பட்ட இவ்வுரிமையைச் சேற்றிலும் புழுதியிலும் நின்று நடைமுறைப்படுத்த ஓர் உத்தியோகத்தர் வேண்டும். நிலத்தை அளந்து கொடுத்தல், அனுமதிப்பத்திரம் வழங்குதல், கட்டணம் அறவிடுதல், பிணக்குத் தீர்த்தல் என்பன அவர் கடமைகள். இவை அனைத்தும் ஒருவர் கையிலேயே அடங்குமா? வரி வாங்குபவரும் நீதி வழங்குபவரும் ஒருவராயிருத்தல் தகுமா? இவ்வினாவுக்கு விடை தேடப் புகுவார்க்கு அவுஸ்திரேலியாவின் விக்ரோரியாக் குடியேற்ற நாட்டின் வரலாற்றைப் போலப் பயன்தருவது பிறிதொன்றில்லை எனலாம்.

1851ஆம் ஆண்டில் நியூ சவுத் வேல்சிலும், அதனையடுத்து விக்ரோரியாவிலும் பொன் கண்டெடுக்கப்பட்டமை வெளிப்பட்டது. உடனே அரசினர் பொன்வயல் ஆணையாளர் என்னும் பதவியை ஏற்படுத்தினர். அகழ விரும்பும் ஒவ்வொருவனும் மாதத்திற்கு 30 சிலிங் செலுத்தி அனுமதிப்பத்திரம் பெறவேண்டும். பொன் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் கட்டணம் ஒன்றே. நிருவாகச் செலவை ஈடுசெய்தல் இதன் ஒரு நோக்கம். மேய்ப்பரும் கூலியாளரும் தம் தொழிலை விட்டுப் பொன்வயலுக்கு ஓடாது தடுத்தல் மற்றொன்று.

தொடக்கத்தில் பல்லாரற்றிலே ஒருவனுக்குக் கிடைத்த இடம் எட்டடிச் சதுரம். நான்கு மூலையிலும் முளையடித்து எல்லை குறித்தனர். பக்கத்துக் குழியில் வெட்டுபவன் நிலத்தடியே எல்லை கடந்து வந்துவிட்டான் என்றும், வேலை செய்யாது விட்ட துண்டைப் பிறனொருவன் கைப்பற்றிவிட்டான் என்றும் முறைப்பாடுகள் எழும். ஆணையாளர் குதிரையேறி வந்து, குழியின் விளிம்பில் நின்று, இரு திறத்தாரையும் வினாவி, அளந்து பார்த்து, அவ்விடத்திலேயே தீர்ப்புக் கூறுவார். வழக்கறிஞர் இல்லை, தவணையும் இல்லை. நாள்தோறும் உருமாறும் குழிகளைப் பற்றிய வழக்கிற்கு ஆறு மாதங் கழித்து வரும் தீர்ப்பினாற் பயன் யாது? இப்பணியே அப்பதவிக்கு நியாயம் அளித்தது என்பது என் துணிபு.

அப்பதவியைக் கெடுத்தது மற்றப் பணியே. பல்லாரற்றின் மேற்பரப்பிலே கிடந்த பொன் விரைவில் தீர்ந்தது. எஞ்சியது, பண்டைக்காலத்து ஆற்றுப் படுகைகளிற் படிந்து, எரிமலைப் பாறையின் கீழ் நூறு அடிக்கும் மேற்பட்ட ஆழத்தில் மறைந்து கிடந்தது. அதனை எட்டுவதற்கு ஒரு குழுவினர் பல மாதங்கள் வெட்டவேண்டும். முடிவில் ஆற்றுப் படுகை அவர் குழிக்குக் கீழே செல்லாது விலகிச் சென்றிருப்பின் கிடைப்பது வெறும் களிமண்ணே. வருவாய் சிறிதுமில்லாத அம்மாதங்களிலும் அனுமதிப்பத்திரக் கட்டணம் கேட்கப்பட்டது. தொழிலின் இயல்பு மாறிய பின்னரும் அனுமதிப்பத்திர முறை மாறவில்லை.

1854ஆம் ஆண்டு ஆனி மாதத்தில் ஆள்பதியாக வந்த சேர் சாள்ஸ் ஹொத்தம் கண்டது வெறுமையான திறைசேரி. புரட்டாதியில், வாரம் இருமுறை அனுமதிப்பத்திரச் சோதனை நடத்துமாறு அவர் கட்டளையிட்டார். பத்திரத்தை எப்பொழுதும் உடன் வைத்திருத்தல் வேண்டும். இடுப்பளவு நீரிலும் சேற்றிலும் நிற்பவன் அதனைக் கூடாரத்தில் வைத்துவிட்டு வந்தாலும் குற்றவாளியே. தண்டப் பணத்திற் பாதி பிடித்துக் கொடுத்த பொலிசாருக்குச் சேர்ந்தது. இத்தகைய ஏற்பாட்டின் கீழ் நேர்மை எங்ஙனம் நிலைக்கும்? அகழ்வோர் இதனை 'வேட்டை' என்றே அழைத்தனர். நேற்று எல்லை அளந்து நீதி கூறிய ஆணையாளர், இன்று அவ்வேட்டையின் தலைவராய்த் தோன்றினார்.

கார்த்திகை 29ஆம் நாள் அகழ்வோர் கூட்டங்கூடித் தம் பத்திரங்களைத் தீயிலிட்டனர். மறுநாளே ஆணையாளர் றொபேட் றீட் மீண்டும் சோதனை நடத்தினார். மார்கழி 3ஆம் நாள் விடியற்காலையில், யுறேக்காவில் அகழ்வோர் அமைத்திருந்த அரண்மீது படையினரும் பொலிசாரும் பாய்ந்தனர். ஏறத்தாழ முப்பதின்மர் மாண்டனர். இராசத்துரோகக் குற்றஞ் சாட்டப்பட்ட பதின்மூவரையும் யூரர் விடுதலை செய்தனர்.

விசாரணைக் குழுவின் பரிந்துரைகளையொட்டி 1855ஆம் ஆண்டிற் செய்த மாற்றம் நுட்பமானது. மாதக் கட்டணம் ஒழிந்தது; ஆண்டுக்கு ஒரு பவுண் கொடுத்து 'அகழ்வோர் உரிமை'ப் பத்திரம் பெறலாம். தொடக்கத்தில் இருந்த 30 சிலிங் வீதப்படி ஆண்டு முழுவதும் அகழ்ந்தவன் செலுத்த வேண்டியிருந்தது 18 பவுண். அரசின் வருவாய்க்கு ஏற்றுமதியாகும் பொன்னின் மீது அவுன்சுக்கு இரண்டரைச் சிலிங் தீர்வை விதிக்கப்பட்டது. ஆகவே பொன் கண்டவன் மீதே சுமை விழுந்தது. ஒருவன் சட்டைப்பையைச் சோதிக்க வேண்டிய தேவையும் மறைந்தது. அப்பத்திரம் வாக்குரிமையையும் அளித்தது. ஆணையாளர் 'வார்டன்' எனப் பெயர் மாறி, அகழ்வோர் தேர்ந்தெடுத்த உறுப்பினரைக் கொண்ட உள்ளூர் மன்றத்துக்குத் தலைமை தாங்கினார். தண்டலாளர் என்னும் வேடம் நீங்கவே, நடுவர் என்னும் வேடம் எஞ்சிற்று.

இப்படிப்பினை கடல் கடந்தும் சென்றது. 1858இல் பிறேசர் ஆற்றங்கரையிற் பொன் தேடுவோர் திரண்டபோது, கனடாவின் மேற்கே பிரித்தானிய கொலம்பியா என்னும் குடியேற்ற நாடு உருவாயிற்று. ஆங்கு 1859இல் இயற்றப்பட்ட பொன்வயற் சட்டம், ஆண்டுக்கு ஒரு பவுண் கட்டணத்தையும், பிணக்குத் தீர்க்கும் பொன் ஆணையாளர் பதவியையும் ஏற்றுக்கொண்டது.

எனினும், இவ்விரு நாட்டு அளவுகோல்களும் ஒரு திறத்தாரை அளக்கவேயில்லை. பல்லாரற் வதவுறுங் மக்களின் நிலம். ஆணையாளர் அதனை எட்டடி எட்டடியாகப் பகிர்ந்தபோது அவர்களை வினாவியவர் இல்லை. கொலம்பியாவிலே பொன் ஆணையாளராய்ப் பணியாற்றிய பீற்றர் ஓறெய்லி, 1880இல் முதற்குடிகளின் ஒதுக்கு நிலங்களை வரையறுக்கும் ஆணையாளரானார். பிறர் மண்ணில் அகழ்வோர்க்கு இடம் அளந்த கையே, அம்மண்ணுக்குரியோர்க்கு எஞ்சியதையும் அளந்தது.

கொலம்பியாவில் அப்பதவி 'தலைமைப் பொன் ஆணையாளர்' என்னும் பெயரில் இன்றும் உண்டு. 2005ஆம் ஆண்டு முதல் முளையடிக்க வேண்டியதும் இல்லாது போயிற்று. கணினித் திரையில் நிலப்படத்தின் ஒரு கட்டத்தைத் தெரிந்து, எக்டயருக்கு ஒன்றே முக்கால் டொலர் கட்டினால் உரிமை உடனே பதிவாகிவந்தது. குழியின் விளிம்பில் நின்று இரு திறத்தாரையும் கேட்ட உத்தியோகத்தரின் இடத்தை, எவரையும் கேளாத பொறியொன்று பிடித்துக்கொண்டது. கிற்காலா, எகற்றெசாற் என்னும் முதற்குடியினர் இதனை எதிர்த்து வழக்காடினர். உரிமையைப் பதிவதற்கு முன்னரே அம்மக்களோடு கலந்தாலோசிக்கும் கடமை அரசுக்கு உண்டு என 2023ஆம் ஆண்டு புரட்டாதியில் அம்மாகாண உயர்நீதிமன்றம் தீர்த்து, புதிய ஒழுங்கொன்றை அமைக்க 18 மாதத் தவணை கொடுத்தது. 2025ஆம் ஆண்டு பங்குனி 26ஆம் நாள் தொடக்கம், விண்ணப்பங்கள் அவ்வாலோசனையின் பின்னரே அங்கு முடிவு செய்யப்படுகின்றன.